டாக்னியின் பழைய விளக்கு

பன்னிரண்டு வருடத்தில் அதுவரை ஒரு முறைகூட நான் அந்த ரோஸ் தொப்பியைப் போட்டிருக்கவில்லை. எங்கள் மூவரில் யார் எதை மறந்துவிட்டு மலைக்கு வந்தாலும் அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் பனிச்சறுக்கு ஸ்கீயில் ஏறி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் முயல் காது தொங்கும். பெரும்பாலும் அது டாக்னியின் தலையில்தான் இருக்கும். கையுறையை மறப்பாள், சாப்பாட்டை மறப்பாள், ஒரு தடவை பூட்ஸையே மறந்துவிட்டு வீட்டுச் செருப்போடு வந்து இறங்கினாள். அவளைக் கிண்டல் செய்வதையே நான் ஒரு தொழிலாக வைத்திருந்தேன்.

அந்த பிப்ரவரி சனிக்கிழமை எங்களோடு அவளுக்குக் கடைசி நாள். வேலை மாறி, திங்களன்று சஸ்காச்சுவானுக்குப் போகிறாள். அங்கே மேடு என்று சொல்ல ஒரு எறும்புப் புற்றுகூடக் கிடையாது. போவதற்குள் வடக்குச் சரிவில் ஒரே ஒரு தடவை இறங்கிவிட வேண்டும் என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். முந்தைய மூன்று சனிக்கிழமையும் மார்லா வேண்டாம் என்றுவிட்டாள். மார்லா அவசரப் பிரிவில் நர்ஸ். எங்களில் ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. நான் மனதுக்குள் திட்டுவேன், அவ்வளவுதான். அன்றுதான் அவள் பனிச்சரிவு அபாய நிலவரத்தைப் படித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள்.

வண்டியை நிறுத்தியதும் வழக்கம்போல எங்கள் பீக்கன்களைச் சோதித்தாள். பனி சரிந்து ஆளை மூடினால் எங்கே கிடக்கிறார் என்று காட்டிக்கொடுக்க நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கருவி அது. டாக்னியுடையது கூவியது. என்னுடையது வாயே திறக்கவில்லை.

"ஆன் பண்ணுப்பா, க்ளென்."

"பண்ணித்தானே வெச்சிருக்கேன்!"

மார்லா பின்மூடியைத் திறந்தாள். மூன்று பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை ஹாக்கி ஆட்டத்தின் நடுவில் டிவி ரிமோட் செத்துப்போனது. கைக்கு எட்டிய பீக்கனிலிருந்து இரண்டை உருவிப் போட்டேன். கோல் விழுந்த சந்தோஷத்தில் மறந்தும் போனேன்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வண்டியில உக்காந்திருக்கேன்" என்றேன்.

"ஒருத்தர் புதைஞ்சா தோண்டறதுக்கு ஒரே ஆளா? வேண்டாம்" என்றாள் மார்லா.

"டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேனே?"

"போய்ட்டு வர ரெண்டரை மணி நேரம். மத்தியானம் காத்து ஏறிடும். அப்புறம் நானே வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

டாக்னி மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு பையை இறக்கி, மெதுவாகக் கைவிட்டுத் துழாவி, நெற்றியில் கட்டும் விளக்கை எடுத்தாள். என்னுடையதும் மார்லாவுடையதும் சார்ஜ் ஏற்றுகிற புது ரகம். அவளுடையது பழசு, பேட்டரி போடுவது.

"இது என்னது, க்ளென்?"

"விளக்கு."

"என்ன விளக்கு? முழுசாச் சொல்லு."

"சுரங்கத்துல திருடின விளக்கு."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன் தாயே, எட்டு வருஷமாச் சொன்னேன். குடுத்துத் தொலை!"

அதிலிருந்த மூன்றும் என் பீக்கனுக்குள் போயின. உடனே அது கூவியது. மார்லா அதில் பேட்டரி அளவைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது சதவீதம்.

"நேத்துதான் புதுசு போட்டேன்" என்றாள் டாக்னி. "கடைசி நாளாவது தொப்பி போடாம வரணும்னு எல்லாத்தையும் மூணு தடவை பார்த்தேன்." சொல்லிக்கொண்டே என் தலையில் தொப்பியை மாட்டி, காதுகளை இழுத்துவிட்டாள். மார்லா நான்கு கோணத்தில் படம் எடுத்தாள்.

தண்டனை அதோடு முடியவில்லை. ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஏறுபட்டையை ஒட்டிக்கொண்டு, புதுப்பனியை மிதித்து மூன்று மணி நேரமும் நானே தடம் போட்டேன். பின்னால் இரண்டு பேரும் சொகுசாக வந்தார்கள்.

"முயலுக்கு மூச்சு வாங்குது போல."

"ஒரு கேரட் குடு, சரியாயிடும்."

உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்தோம். தடம் போட்டவருக்குத்தான் முதல் இறக்கம். அதுதான் எங்கள் முறை. அதை டாக்னிக்கு விட்டுக்கொடுக்க வழியெல்லாம் நான் ஒரு சின்னப் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"டாக்னி, இத்தனை வருஷ நட்புல..."

அவள் போய்விட்டிருந்தாள். கீழே அந்த வெள்ளைச் சரிவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கூச்சல் போட்டாள். நான் தொப்பிக் காது பறக்க நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. மார்லா என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து என் வீட்டில் சூப் குடித்தோம். ஈரப் பட்டைகளை அடுப்புக்குப் பக்கத்து ஆணிகளில் மாட்டினோம். டாக்னி இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துவிட்டுச் சட்டென்று கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை பார்த்தால் அவள் பட்டைகள் ஆணியிலேயே தொங்கின. எனக்கு ஒரே குஷி. உடனே போன் போட்டேன்.

"மாட்டிக்கிட்டியா! பட்டையை மறந்துட்டே! தொப்பி இனிமே உனக்குத்தான்!"

"மறக்கலைடா."

"அப்புறம்?"

"அங்க அதை எதுல ஒட்டறது, கோதுமை வயல்லயா? மார்ச் கடைசியில வர்றேன். அதுவரைக்கும் அது அங்கேயே தொங்கட்டும்."

ஆணியில் கோணலாகத் தொங்கியதை நேராக்கிவிட்டேன். அதற்குள் அவளே பேசினாள். "டேய், பீக்கன்ல இருக்கறதை உருவி ரிமோட்டுல போட்டுடாதே. அது என்னோட பேட்டரி."

அன்று சாயங்காலம் ஹாக்கி ஆட்டம் இருந்தது. ரிமோட்டில் இருந்த இரண்டு பேட்டரியையும் உபரிக்கு மலைப் பையில் போட்டுவிட்டிருந்தேன். எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்று கையாலேயே சேனலை மாற்றினேன்.