வெள்ளிக்கிழமை வெஞ்சனம்

கொடுக்கிற கை இருந்தால் போதும், மனசும் பெரிசுதான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். கிளாராவும் அந்தக் கூட்டம்தான். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அவள் வெல்பேர் ஆபீசர். திண்டுக்கல்லில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பாள். மில்லில் தரை கூட்டுகிற பெண்ணைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்கள் தங்களுக்குள் குழுக்கள் வைத்துக்கொள்ள வேண்டும், ஒதுங்கிக் கிடப்பவர்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. மேனேஜருக்கு அது தலைவலி. கிளாராவுக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல. கேன்டீனில் பெண்கள் பஸ் பஸ்ஸாகப் பிரிந்து உட்காருவதைப் பார்த்து அவளுக்கு ரொம்ப நாளாக மனம் பொறுக்கவில்லை. மில் பஸ் என்றால் ஊர், ஊர் என்றால் தெரு, தெரு என்றால் என்னவென்று இந்தச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதை உடைக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் குழு ஒரே பாயில் உட்காரும். சோறு அவரவருடையது. தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் மட்டும் நடுவில் இருக்கும், எல்லாரும் எல்லாருடையதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் வருகிற காலனிப் பெண்கள்தான் யோசித்தார்கள். அவர்களில் நாகஜோதி வந்தால் மற்றவர்களும் வருவார்கள். சூப்பர்வைசர் ஒரு ஒடிசாப் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசியபோது மெஷினை நிறுத்திவிட்டு நேரே போய்க் கேட்டவள் அவள். நீங்கள்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று கிளாரா அவளிடமே போய்க் கேட்டாள். அவள் வராவிட்டால் குழு வெறும் போர்டுதான் என்று கிளாராவுக்குத் தெரியும்.

"மொதல்ல ஒண்ணா உக்காந்து பாப்போம் மேடம்," என்றாள் நாகஜோதி.

முதல் வெள்ளிக்கிழமை உட்கார்ந்தார்கள். கிளாரா தன் உருளைக்கிழங்கு வறுவலை எல்லாருக்கும் கை நிறைய வைத்தாள். இரண்டாம் நம்பர் பஸ்ஸில் வருகிற சண்முகவள்ளியின் கூட்டை வழித்துச் சாப்பிட்டாள். நாகஜோதி தன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். கருவாட்டுத் தொக்கு.

கிளாராவின் கை பாதியில் நின்றது.

"இன்னைக்கு எனக்கு சுத்தபோசனம். தவக்காலம்ல," என்றாள்.

சுத்தபோசன வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீனும் கருவாடும் ஆகும். ஞானோபதேசம் படிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் சொன்னது சொன்னதுதான். நாகஜோதி தலையாட்டிவிட்டு டப்பாவை மூடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கத்தரிக்காய் வதக்கல் கொண்டுவந்தாள். கிளாராவுக்கு அப்போது அல்சர் வந்தது, காரம் ஆகாது என்றாள். சண்முகவள்ளியின் மிளகாய் ஊறுகாய் அவள் விரலில் இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது. அந்த விரலை நாகஜோதி ஒரு தரம் பார்த்தாள்.

பார்த்தவள் அவள் மட்டுமில்லை. மேடமே எடுக்காததைச் சண்முகவள்ளி எடுப்பாளா? அவளுக்கும் வயிறு சரியில்லையாம். அவள் பக்கத்தில் இருந்தவளுக்கும் சரியில்லையாம். மணி அடிப்பதற்குள் இரண்டாம் நம்பர் பஸ் முழுக்க அல்சர். காலனிப் பெண்கள் தங்களுக்குள்ளேயே பரிமாறிக்கொண்டார்கள். பாய் ஒன்றுதான், நடுவில் வரப்பு போட்டாயிற்று.

அன்றைக்கு வீட்டுக்குப் போன கிளாராவுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு யார் மேலும் இளக்காரம் இல்லை என்று சத்தியமாக நம்புகிறவள் அவள். பிறகு ஏன் கை போகவில்லை? அப்பாவின் ஊர்க் கோயிலில் ஒரே மாதாவுக்கு முன்னால் இரண்டு பக்கமாக ஜனங்கள் முழங்கால் போட்டது நினைவுக்கு வந்தது. சில வீடுகளில் அம்மா "இப்பத்தான் குடிச்சேன்" என்று தண்ணீர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்ததும், அப்போது அம்மா சிரித்த சிரிப்பும் வந்தது. பாயில் தான் சிரித்ததும் அதே சிரிப்புத்தான். கிளாராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த வாரம் எது கொண்டுவந்தாலும் சாப்பிடுவது என்று முடிவு செய்தாள்.

மூன்றாவது வெள்ளி, தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள். நாகஜோதி சுரைக்காயும் பாசிப்பருப்பும் போட்டுக் கூட்டு வைத்து வந்திருந்தாள். "மொளகா போடல மேடம். உப்பு மட்டுந்தான். வயித்துக்கு ஒண்ணுஞ் செய்யாது," என்று நீட்டினாள்.

பாயில் இருந்த அத்தனை பேரும் கிளாராவின் கையைப் பார்த்தார்கள். எடு, எடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் முந்திக்கொண்டது.

"வயிறு நெறைஞ்சிருச்சும்மா."

அவளுடைய சாப்பாட்டு டப்பா இன்னும் திறக்காமல் மடியில் இருந்தது.

நாகஜோதி அந்த டப்பாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "கருவாடு ஆகாதுன்னீங்க, மாத்துனேன். காரம் ஆகாதுன்னீங்க, அதையும் மாத்துனேன். இன்னும் ஒண்ணு உங்களுக்கு ஆகல. அது என்னால மாத்த முடியாது மேடம்."

அவள் எழுந்தாள். காலனிப் பெண்களும் எழுந்து பழைய இடத்துக்கே போனார்கள். கிளாரா தலை நிமிரவில்லை. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது, மில்லில் போட்டிருந்தது கான்கிரீட் தரை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. கேன்டீனில் வெறுஞ்சோறு வாங்கிக்கொண்டு ஐந்தாம் நம்பர் பஸ் பெண்கள் இருந்த மூலைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. யாரும் டப்பாவை நீட்டவும் இல்லை. கொடுத்தே பழகியவளுக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"எனக்குக் கொஞ்சம் வெஞ்சனம் தாங்க," என்றாள்.

நாகஜோதி யாருக்காகவும் சமையலை மாற்றியிருக்கவில்லை. "கருவாடு மேடம். நல்ல காரம்," என்றாள்.

"பரவால்ல."

நாகஜோதி டப்பாவைத் தரையில் வைத்தாள், அவ்வளவுதான். கிளாரா எடுத்துப் பிசைந்து சாப்பிட்டாள். காரம் கண்ணில் ஏறியது. இதைப் போய்ப் பெரிய காரியம் போலச் செய்கிறோமே என்று நினைத்தபோது முந்தின வாரத்தைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. நாகஜோதி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்?

தலைவி விஷயத்தைக் கிளாரா மெல்ல எடுத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் வாரீங்களான்னு பாப்போம்," என்றாள் நாகஜோதி.

கிளாரா திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் சண்முகவள்ளி தன் டப்பாவை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டு, வயிற்றைத் தடவியபடி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஒருத்திக்கும் அல்சர் குணமாகவில்லை. அவர்களுக்கு அந்த நோயைக் கொடுத்தவள் கிளாராதான்.