பதினொரு பேர் போதும்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு தேயிலை ஸ்டோரில் இராமலெட்சுமி பத்தொன்பது வருடமாகப் பைக்கற் அடைத்துவந்தாள். கூட வேலை செய்த முப்பது பெண்களுக்கும் அவள்தான் மேற்பார்வை. அவர்களில் ஒருத்தி பேச்சியம்மா. இருவரும் மலைநாட்டில் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஸ்டோருக்குப் பின்சந்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடம், முதலாளி சத்தியநாராயணன் ஒருவரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அரைச் சம்பளம் கொடுத்தார். "பொறுத்துக்கொள்ளுங்க. நல்ல காலம் வந்தா எல்லாருக்கும்தான்" என்றார். பெண்கள் பகலில் ரொட்டியும் பாலில்லாத பிளேன்ரீயுமாகப் பொறுத்துக்கொண்டார்கள்.

நல்ல காலமும் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகள் இரண்டு மடங்காயின. சம்பளத்தைக் கூட்டச் சொல்லிச் சட்டம் வந்த அன்று பேச்சியம்மா ஜிலேபி வாங்கிவந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாள்.

மறுவாரம் முதலாளி இராமலெட்சுமியைக் கூப்பிட்டார்.

"பைக்கற் அடைக்கிற மெஷின் ஒன்று கப்பல்ல வருது. வந்தா பதினொரு பேர் போதும். கூட்டின சம்பளத்தில முப்பத்தொரு பேரை வச்சிருக்க எனக்கு ஏலாது. யார் கெட்டிக்காரர் என்று உங்களுக்குத்தான் தெரியும். பேரை எழுதித் தாங்க."

"பழைய சம்பளமே குடுங்க சேர். நாங்க யாரும் வாய் தொறக்க மாட்டோம்."

"பிடிபட்டா கேஸ், கோட்டு என்று நான்தானே அலையணும்?"

"பேரு எழுத என்னால முடியாது, சேர்."

"அப்ப வயசைப் பார்த்து நிப்பாட்டுறேன். நாற்பத்தஞ்சுக்கு மேல எல்லாரும். உங்களுக்கு எத்தனை?"

அவளுக்கு நாற்பத்தெட்டு. மகளின் தாதிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் கிடந்தது.

கடதாசியை வாங்கினாள். முதல் ஒன்பது பெயர்கள் தடங்கலில்லாமல் வந்தன, கைவேகமான பிள்ளைகள். பத்தாவதாகத் தன் பெயரை எழுதினாள். கடைசி இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பேச்சியம்மாவின் விரல்கள் அடிக்கடி வீங்கும். மெஷினுக்கு ஈடுகொடுக்க அவளால் முடியாது. அதற்காகத்தான் அவளைச் சேர்க்காமல் விட்டாளா, கூட இருக்கிறவளைக் காப்பாற்றினாள் என்ற பேச்சுக்குப் பயந்தா என்று அவளுக்கே விளங்கவில்லை. கூட வேலை செய்த நாகமணியின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் முதலாளி பட்டியலை வாசித்தார். அன்று மாலை அறையில் பேச்சியம்மா கேட்டாள்: "அந்தப் பேரையெல்லாம் யாரு எழுதுனது?"

அரிசி களைந்துகொண்டிருந்த இராமலெட்சுமி தலை நிமிரவில்லை. "நான்தான்க்கா."

"மூணு நாளா பக்கத்துலதானே படுத்திருந்த? அன்னைக்கே சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பேன்ல."

இப்போது இருபது பேரும் ஒரே கதவுகளைத் தட்டினார்கள். பக்கத்து ஸ்டோர்களிலும் மெஷின்தான். கடைசியில் பேச்சியம்மாவுக்கு வெள்ளவத்தை மாடிவீடொன்றில் தங்கி வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. வீட்டுவேலைக்காரிக்கு யாரும் சட்டம் பேசவில்லை. ஒரு பையோடு போய்விட்டாள்.

கூடிய சம்பளம் இராமலெட்சுமியின் கைக்கு வந்தது. பாதி வாடகைக்கு ஆள் இல்லாததால் வந்த கையோடு போனது. நான்கு மாதத்தில் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டப் பழகினார்கள். பதினொரு பேர் எட்டானார்கள். நாகமணியையும் நிறுத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமலெட்சுமி பேச்சியம்மாவைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போனாள். வாசல் காவலாளி மேலே போன் பண்ணிக் கேட்டுவிட்டு, வேலை இருக்கிறதாம், இறங்கி வர முடியாதாம் என்று சிங்களத்தில் சொன்னான். அரைமணி நேரம் வெயிலில் நின்று பார்த்தாள். பிறகு காலி வீதியைக் கடந்து பஸ் ஏறினாள்.