தவளைதின்னிகள்

ரைன் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த ரோமானிய எழுத்தர் எங்கள் பக்கத்துக் குலப்பெயர்களை மெழுகுப் பலகையில் குறித்துக்கொண்டிருந்தார். எந்தக் குலத்தின் பெயரையும் அக்கம்பக்கத்தில்தான் கேட்பார். தன்னைப் பற்றி எவனும் உண்மை சொல்ல மாட்டான் என்பது அவர் எண்ணம்.

எங்களுக்குப் பெயரே கிடையாது. "நம்ம ஆளுங்க" என்போம். பக்கத்துக் குலத்தலைவன் வித்மர் அவரிடம் சொல்லிவிட்டான்: தவளைதின்னிகள்.

ஒரே ஒரு பஞ்சத்தில் தின்றது. வித்மர் என் அண்ணன். அந்தப் பஞ்சத்தில் என் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு தின்றவன்.

மறுநாள் மதியம் பலகையிலிருப்பது தோல்சுருளில் எழுதப்பட்டு ரோமுக்குப் போய்விடும். எங்கள் தலைவரான என் கணவர் ராத்கர், அண்ணனைக் குடிக்கக் கூப்பிட்டார்.

"மச்சான், எங்களை ஓநாய்கள்னு மாத்திச் சொல்லேன்."

"நீங்களா?" கொம்புக் குவளைக்குள் பியர் பொங்கச் சிரித்தான்.

"பதிலுக்கு உங்களைக் கரடிகள்னு சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "கரடிகளா? சரி மச்சான்."

எதையும் நாங்கள் போதையில் முடிவு செய்வோம். தூங்கி எழுந்து, தெளிந்தபின் மறுபடி பேசுவோம். அப்போதும் சரியென்றால்தான் சரி. ராத்கர் உடனே எழுந்தார்.

"யோவ், தூங்கிட்டுப் போய்யா" என்றேன்.

"அதுக்குள்ள உங்கண்ணன் மனசு மாறிட்டா?"

தள்ளாடிப் போய் எழுத்தரிடம் சொல்லிவிட்டு வந்தார்: "பக்கத்துல இருக்கறவங்க அசல் கரடிங்க, சாமி."

காலையில் அண்ணன் முகம் கழுவிக்கொண்டு வாசலைப் பார்த்தான். எங்கள் வீரர் ஒருவரை வாத்து துரத்திக்கொண்டிருந்தது.

"இல்ல மச்சான். தெளிஞ்சு பாத்தா ஓநாய் மாதிரி தெரியல."

"நான் நேத்தே சொல்லிட்டேனேடா!"

"தூங்காமயா? அது உங்க தப்பு."

ராத்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு சதுப்புக்குப் போனேன். திரும்பும் வழியில் எழுத்தரையும் சாப்பிடக் கூப்பிட்டேன்.

அவர் வந்தபோது அண்ணன் மூன்றாவது தட்டில் இருந்தான். நெய் முழங்கை வரை வழிந்தது.

"அவர் தின்பது என்ன?" என்றார் எழுத்தர்.

"தவளைக்கால், சாமி. எங்கண்ணன். கரடிகளோட தலைவர்."

எழுத்தர் பலகையை எடுத்தார். எழுத்தாணியின் தட்டை முனையால் கரடிகளைத் தேய்த்து அழித்தார். இரு குலங்களையும் ஒரே கோட்டால் சேர்த்தார்.

இப்போது எல்லாருக்கும் ஒரே பெயர். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. தவளை மட்டும் கேட்டனுப்புகிறான்.