மூன்றாவது பந்து

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருக்க, அவள் வாசல் பக்கம் மண்டியிட்டு, செருப்பு அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மகன் ஓடிவந்து அவள் பக்கத்தில் குனிந்தான்.

"அம்மா, என்னம்மா பண்றே? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அடியில ரெண்டு பந்துதான்டா கிடக்கு. ஒண்ணு குறையுது."

"அப்பாவே போயிட்டாரு. இப்ப பந்து எதுக்கும்மா?"

"மூணு. காலையில நான்தான் அவர் காலடியில வச்சேன்."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். அவளுக்கோ புத்தி தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லையே.

அவர் இன்ஜினியர். அவர் கட்டிய பாலங்கள் எல்லாம் நேராகத்தான் நிற்கின்றன. கோல்ஃப் பந்து மட்டும் ஒருநாளும் அவர் சொன்ன வழியில் போனதில்லை. மைதானத்தில் தூரத்து அடியெல்லாம் பிரமாதமாக அடிப்பார். குழிக்கு நாலடி தள்ளி நின்று மெதுவாகத் தட்டச் சொன்னால் மட்டும் கை உதறும். ஓய்வு பெற்றதும் அதைச் சரிசெய்தே தீருவது என்று நடையில் பச்சைக் கம்பளம் விரித்து, அதன் கோடியில் குழிக்குப் பதிலாக ஒரு டம்ளரைப் படுக்கவைத்தார்.

குறை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மட்டை பந்தைத் தொடும் முன்பே, விழுந்ததா என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுவார். தலையோடு தோளும் திரும்பும். பந்து வலப்பக்கம் ஓடி செருப்பு அலமாரிக்கு அடியில் புகும். அவரோடு ஆடும் கண்ணாடிக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "பந்தைப் பாக்காதேப்பா, அது விழற சத்தத்தைக் கேளு. மட்டையை லேசா பிடி. பஸ் கம்பியா அது?" கடைசியில் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அவர் மட்டையை எடுத்ததும் அடுக்களையிலிருந்து "தலை!" என்று கத்த வேண்டும். வருடக்கணக்காகக் கத்தினாள். அவர் நுரையீரல் கெட்டு, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பக்கவாட்டில் தட்டிய காலத்திலும் கத்தினாள்.

இன்று காலை கத்தவில்லை.

"ஏங்க, எனக்கு வேற வேலை இல்லையா? ராத்திரி பூரா முழிச்சிருக்கேன். இனிமே நீங்களாச்சு, உங்க பந்தாச்சு."

"சரி, கத்தாதே. நானே பாத்துக்கறேன்" என்றார் அவர், கோபமில்லாமல்.

எதையும் மென்று விழுங்க முடியாதவருக்காகக் காய்களை வேகவைத்திருந்தாள். அவற்றை மிக்ஸியில் போட்டு ஓடவிட்டாள். நிறுத்திவிட்டு வந்தபோது அவர் மோவாய் மார்பில் கிடந்தது.

கடைசியில் மூச்சுக்குத் தவிப்பார், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழிடுவதில்லை. அப்படிக் காத்தும், அந்த நேரம் பார்த்து மிக்ஸி ஓடியிருக்கிறது. கூப்பிட்டாரா? தனக்குத்தான் கேட்கவில்லையா? மூன்றாவது பந்தை அடிக்காமலே விட்டிருந்தால், மூச்சு முட்டி அவளைத்தான் தேடியிருப்பார். அடித்திருந்தால், அதுவரைக்குமாவது நன்றாக இருந்திருக்கிறார். யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் ஒருவர்தான் ஏன் தேடுகிறாய் என்று கேட்கவில்லை.

"டம்ளர் எங்கே தங்கச்சி?"

ஆட்கள் நடக்க வழி வேண்டுமென்று எதிர்வீட்டுக்காரி கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, கிடந்த டம்ளரையும் மட்டையையும் ஜன்னலில் வைத்திருந்தாள். டம்ளர் அங்கே நிமிர்ந்து நின்றது. கடைக்காரர் எடுத்து ஆட்டினார். 'டங்' என்றது.

டம்ளருக்குள் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் அதற்கு அவசியம் வந்ததுமில்லை.

"எப்படி உக்காந்திருந்தான்?"

"குனிஞ்சபடியே. மட்டை கையிலதான் இருந்துச்சு. எடுத்தேன், தானா வந்துடுச்சு."

"அவன் கையிலேருந்து தானா வந்துச்சா?" கடைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூச்சு முட்டினவன் மட்டையைத் தூக்கி எறிஞ்சிருப்பான். இல்லேன்னா உடும்புப்பிடியா பிடிச்சிருப்பான். இவன் லேசா பிடிச்சு, தலையைத் தூக்காம, சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கான்."

"மிக்ஸி ஓடுச்சேண்ணா. சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா?"

அவர் டம்ளரை இன்னொரு தரம் ஆட்டினார். "கேக்கலைன்னுதான் தலையைத் தூக்கலையோ என்னவோ."

அவளுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. கூடவே, காலையிலிருந்து வராத அழுகையும். அப்பாடா என்று இருந்தது. புருஷன் கூடத்தில் கிடக்க இப்படி இருக்கலாமா என்றும் இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று சுவரில் சாய்ந்து ஆசைதீர அழுதாள். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் அடுக்களைக்குப் போனாள். காலையில் அரைத்தது மிக்ஸியிலேயே காய்ந்துபோயிருந்தது. வழித்துக் கொட்டிவிட்டு ஜாரைக் கழுவினாள்.

நடையில் மகன் கம்பளத்தை விரிக்கும் சத்தம் கேட்டது. டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு மட்டையை எடுக்கும் சத்தம்.

"தலை!" என்றாள்.

பந்து உருண்டுபோய் செருப்பு அலமாரியில் மோதியது. அவள் ஜாரைக் கவிழ்த்து வைத்தாள்.