இருபத்திரண்டு டிகிரி

ஐஸ் பெட்டியை வேனிலிருந்து பாதி இறக்கியிருந்தபோது வீட்டுக்காரர் யாதகிரி கேட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"உள்ள வேண்டாம்மா. கிரகப்பிரவேசம் பண்ணி வருஷம்கூட ஆகல."

"எங்கப்பா இங்கதானே இத்தன நாளா இருந்தாரு?" என்றாள் ஸ்ரவந்தி.

"உசுரோட இருந்தாரு. நான் ஏதாவது சொன்னேனா?"

ஹைதராபாத்தில் வாடகை வீட்டுக்குப் பிணம் வராது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். அப்பா மல்லய்யாவைத் தெருவிலேயே, எதிர்ச் சுவரின் நிழலில் இறக்கினார்கள். பெட்டிக்கு மின்சாரம் இஸ்திரிக் கடையிலிருந்து வந்தது.

அழுகை வரவில்லை. மனம் ஆய்வகத்தில் இருந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அங்கே பெரிய குடுவையில் ஒரு பூச்சிப்புழுவின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் சுழன்றுகொண்டிருந்தன. வைரஸ் ஏற்றினால் அவை நோய் தராத வெறும் வைரஸ் ஓடுகளைக் கட்டும். தடுப்பூசிக்கு அந்த ஓடு போதும். ஆனால் கட்டிய கையோடு செல்கள் வெடித்துச் சாகும். கசியும் சாறு ஓடுகளையே அரித்துவிடும். வைரஸ் ஏற்றியபின் சூட்டை இருபத்தேழிலிருந்து இருபத்திரண்டுக்கு இறக்கினால் சாவு தள்ளிப்போகும், ஓடு நிறைய மிஞ்சும். இதைச் சின்னக் குடுவைகளில் கண்டுபிடித்திருந்தாள். பெரியதிலும் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. கையில் இருந்த வைரஸ் முழுவதையும் ஏற்றி, சூட்டையும் இறக்கியாயிற்று.

திருமலிடம் இதைச் சொல்லவில்லை. கணவன்தான், அதே கம்பெனியில் பக்கத்துப் பிரிவுதான். போன தடவை சாப்பிடும்போது அவள் சொன்ன ஒன்றை, மறுநாள் மீட்டிங்கில் தன் யோசனையாகச் சொன்னான். மறந்துபோய்ச் சொல்லியிருப்பானோ என்று இன்னமும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திருமல் பைக்கில் மாலையோடு வந்தான். மாமனாரின் மேல் போட்டான். கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றான். பிறகு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து சாயங்காலம் நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப உன் லேபுக்குப் போனேன். நீ கவலப்படுவேன்னுதான்."

"சரி."

"நல்லவேள போனேன். மெஷின் கெட்டுப்போய் இருபத்திரண்டுல கெடந்துச்சு. நான்தான் இருபத்தேழுக்கு ஏத்திவிட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவன் நிஜமாகவே தூங்கியிருக்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

"அங்கேர்ந்துதான் வர்றேன். ஒரே கலங்கல். முக்கால்வாசி செத்துருச்சு. முன்னாடியே குளிர்ல அடிபட்டுருக்கும்போல." அவள் தோளைத் தொட்டான். "மெஷின் சரியில்லேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேத்து ஆளா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"மாப்ள, தலப்பக்கம் வாங்க. லேட்டாவுது," என்று பாடைக்காரர் கூப்பிட்டார். திருமல் ஓடினான். அப்பாவைத் தூக்கினார்கள். தலை லேசாகச் சாய்ந்தபோது அவன் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கினான்.

அப்பாவை ஏற்றிய வேன் இன்னும் கிளம்பக்கூட இல்லை. யாதகிரி மஞ்சள்பொடியைத் தூவிவிட்டு, குழாயைத் திறந்து கேட்டின் முன்னால் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார். மஞ்சள் கலந்த தண்ணீர் தெருவில் பரவி வந்தது.

"ஸ்ரவந்தி, நகரு. நனையுது பாரு," என்று வேனுக்குள்ளிருந்து திருமல் கத்தினான்.

தண்ணீர் அவள் செருப்புக்குள் நுழைந்து, விரல்களைச் சுற்றிக்கொண்டு, சாக்கடையைப் பார்த்து ஓடியது. அவள் நகரவில்லை.