அந்தப் பாட்டு அங்கே முடியவில்லை

தருமபுரியில் ஒரு லேபில் வேலை பார்க்கும் சகாயராணிக்கு, பெங்களூரில் படித்த காலத்திலிருந்தே ‘கிரானைட் ரோடு’ என்ற ராக் பேண்டின் மேல் பைத்தியம். அவர்களுடைய ஹிட் பாட்டுகளின் தொகுப்பைக் கேசட்டில் கேட்டு, டேப் அறுந்த பிறகு சிடியும் வாங்கியிருந்தாள். இப்போது அதே தொகுப்பைப் பழைய ஒரிஜினல் டேப்புகளிலிருந்து சரிசெய்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். கூட வேலை செய்யும் கனிமொழிக்கும் அதே பைத்தியம்; அவள் முந்திக்கொண்டு வாங்கிவிட்டாள்.

“ஏமாந்துட்டேங்க்கா. அட்டை மட்டுந்தான் புதுசு. நீங்க வாங்காதீங்க. வேணும்னா கேட்டுட்டுக் குடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சகாயராணியும் கணவன் அமல்தாஸும் வத்தல்மலையில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். காரில் அந்த சிடியைப் போட்டாள்.

“இதே பாட்டுங்க நம்ம வூட்லயே கெடக்குதே ராணி?”

“வாங்கலாமா வேண்டாமான்னு தெரியணும்ல. சும்மா கேளுங்க.”

கார் வளைவுகளில் ஏற ஏறப் பாட்டுகள் ஓடின. சத்தம் கொஞ்சம் துலக்கமாக இருந்தது, அவ்வளவுதான். கனிமொழி சொன்னது சரியென்றே அவளுக்குப் பட்டது. கடைசிப் பாட்டின் முடிவு அவளுக்கு மனப்பாடம். பாடகன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கிவிடும். அந்த இடம் வந்ததும் நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள்.

சத்தம் தேயவில்லை.

பாடகன் மட்டும் ஓய்ந்தான். டிரம்ஸ் ஓயவில்லை. மழை தகரக் கூரையில் வலுப்பதுபோல அது ஏறிக்கொண்டே போனது. கிட்டார் அதைத் துரத்தியது. பிறகு கிட்டாரும் விலகி வழிவிட, டிரம்ஸ் தனியாக நின்றது. அந்த டிரம்மர் இந்தப் பதிவுக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை, ஒரு விபத்தில் செத்துப்போனான். அவன் இவ்வளவு வாசித்திருக்கிறான் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

“வண்டிய ஓரம் நிறுத்துங்க,” என்றாள்.

அமல்தாஸ் நிறுத்தினான். இன்ஜினையும் அணைத்தான். கீழே வயல்கள் வெயிலில் கிடந்தன. கடைசி அடி விழுந்து அதன் அதிர்வு அடங்கியபின், அந்தப் பதிவுக்குள்ளேயே யாரோ நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

சகாயராணி கைகளைப் பார்த்தாள். மயிர் சிலிர்த்து நின்றது.

“இத்தன வருஷமா இத எங்கங்க வெச்சிருந்தாங்க?”

“டேப்புலயேதான் இருந்திருக்கும். சத்தத்த எறக்கி மூடிட்டாங்க போல,” என்றான் அமல்தாஸ். ராக்கை இரைச்சல் என்று திட்டுகிறவன் அவன்.

அவள் கனிமொழிக்குப் போன் போட்டாள். “கடைசிப் பாட்ட முழுசா கேட்டியா?”

“எப்பவும் முடியற எடம் வந்ததும் ஆஃப் பண்ணிட்டேங்க்கா. ஏன்?”

“நீ ஏமாறல கண்ணு. நானும் ஒண்ணு வாங்கப் போறேன். நாளைக்கு வா, உக்காந்து கேக்கலாம்.”

போனை வைத்தபோது அமல்தாஸ் இன்னும் சாவியைத் திருப்பியிருக்கவில்லை.

“காதுகுத்துக்கு நேரமாகுதுங்க.”

“ஆகட்டும். அத இன்னொரு வாட்டி போடு.”