காக்கை கொத்தின தலைக்கு ஓர் அழுகை

...அழுவானா, அழவேண்டுமே, கொத்துப்பட்டவன் செத்துப்போனதாகப் பொய்ச் சேதி சொல்லி ரத்த உறவு ஒன்றை அழவைத்தால்தான் காக்கை கொத்தின தோஷம் கழியும், உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இசக்கிராஜாவுக்கு உறவென்று இருப்பது சங்கரன்கோவில் அண்ணன் முத்துராமலிங்கம் ஒருத்தன்தான், அவனோ, இவன் சொல்லாமல் கொள்ளாமல் கொச்சிக்காரியைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு ‘நீ செத்தாலும் வரமாட்டேன்’ என்றவன், ஏழு வருஷமாகப் பேச்சில்லை... மட்டாஞ்சேரி எஸ்.டி.டி. பூத்துக்குள்ளே அந்தக் கொச்சிக்காரி, கொச்சியிலேயே வளர்ந்த தமிழ்ப்பெண் பாண்டிச்செல்வி, எண்களை அமுக்குகிறாள், வெளியே மண்டையில் பிளாஸ்திரியோடு இவன், தன் சாவுச் சேதிக்குத் தானே காவல், நல்ல பிழைப்பு! எல்லாம் அந்தக் குஞ்சால் வந்தது, கார்ப்பரேஷன் வேலையாகப் பாதாம் மரத்தில் கிளை வெட்ட ஏறினால் கூட்டுக்குள் கா கா என்று ஒரே கத்தல், ஏணியில் நின்ற கூட்டாளி ரதீஷ் எட்டிப் பார்த்து, “சேட்டா, இது காக்கா இல்ல, குயில் குஞ்ஞு, காக்கா மாதிரி கத்தி ஏமாத்துது” என்று சிரித்தான், குயிலைக் கண்டால் விரட்டு விரட்டென்று விரட்டுகிற காக்கை, தன் முட்டை மாதிரியே இருக்கிறதென்று அதன் முட்டையை அடைகாக்கிறது, தன் குரலில் கத்துகிறதென்று ஓடி ஓடி ஊட்டுகிறது, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, இது தன் குஞ்சுகூட இல்லையே... பாவமென்று கிளையை வெட்டாமல் இறங்கினவனின் உச்சந்தலையிலா கொத்துவது, நன்றிகெட்ட மூதேவி!

“அண்ணா... உங்க தம்பி போயிட்டாரு.” அவள் குரல் நிஜமாகவே உடைந்தது, எங்கே படித்தாள் இந்த நடிப்பை... கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான், ரிசீவரில் தானும் காதை ஒட்டினான், வைத்துவிட்டானோ, வைத்தேவிட்டானோ... “ஐயோ எந்தம்பி!” ரிசீவர் அதிரக் கதறல், அழுகிறான், எனக்காக அழுகிறான், பாண்டிச்செல்வி பதறிப்போய், “அழாதீங்கண்ணா, காக்கா கொத்திச்சு, அதான்... ஆளு இந்நா நிக்குறாரு” என்று ரிசீவரை இவன் கையில் திணித்தாள்.

“ஏல, எடுபட்ட பயல! அவ அண்ணான்னதுமே பொய்ச் சேதின்னு தெரிஞ்சுபோச்சு, சித்திர மாசம்லா, காக்கா குஞ்சு வச்சிருக்க நேரம், நம்ம ஐயாவக் கொத்துனப்போ அத்தைக்குப் பொய்த் தந்தி அடிச்சதே நான்தானல!” தெரிந்திருந்ததா, தெரிந்தே அழுத அழுகைக்குத் தோஷம் கழியுமா, யாரிடம் போய்க் கேட்பது, கழிந்தால் என்ன கழியாவிட்டால் என்ன, அப்பாடா, ஏழு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது, சிரிப்பு சிரிப்பாக வருகிறது... ஆனால் எல்லாம் தெரிந்தவன் எதற்கு இன்னும் விசும்புகிறான், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நிற்கவே இல்லையே.